பாய்சான் தோராயம்: பிழை எவ்வளவு வரை போகும்?

பல முயற்சிகளில் எத்தனை வெற்றி பெறும் என்பதற்கான ஈருறுப்புப் பரவலுக்குப் பதிலாக, சராசரியை மட்டும் வைத்துக் கணக்கிடும் பாய்சான் பரவலைப் போடும்போது, "முயற்சிகளின் எண்ணிக்கை பெரிது, நிகழ்தகவு சிறிது, அதனால் சரி" என்று நிறுத்திவிடாதீர்கள். பிழையின் (இரண்டும் தரும் நிகழ்தகவுகளின் வித்தியாசத்தின்) உச்சவரம்பை ஒரே வரியில் போட்டுப் பார்க்கலாம். புள்ளியியலாளர் லூசியன் லெ காம் 1960இல் தந்த வழி இது: ஒவ்வொரு முயற்சியின் நிகழ்தகவையும் வர்க்கப்படுத்திக் கூட்டுங்கள். எந்த நிகழ்ச்சியை எடுத்தாலும் பிழை அந்தக் கூட்டுத்தொகையைத் தாண்டாது. முயற்சிகள் ஒன்றையொன்று சாராமல் இருந்தால் போதும். நிகழ்தகவுகள் சமமாக இருக்கத் தேவையில்லை. இதன் அழகே அதுதான்.

1000 பொருள்கள், ஒவ்வொன்றும் பழுதாக இருக்க 0.002 வாய்ப்பு. சராசரி 2, பிழை மிஞ்சிப்போனால் 0.004. சராசரி 1ஐவிடப் பெரிதானால் அந்த வரம்பைச் சராசரியால் வகுத்துக்கொள்ளலாம் (பார்பரும் ஹாலும் 1984இல் காட்டியது). இங்கே 0.002 ஆகக் குறைகிறது.

பரவலின் ஓரங்களில், அதாவது மிக அரிதாக வரும் எண்ணிக்கைகளில், மட்டும் கவனம் தேவை. இதே கணக்கில் 10 அல்லது அதற்கு மேல் பழுது வர பாய்சான் தரும் விடை சுமார் 0.00005. வரம்போ அதைவிட 40 மடங்கு பெரிது. அத்தகைய அரிய நிகழ்ச்சிகளுக்குத் தோராயத்தை நம்பாமல் ஈருறுப்புக் கூட்டலையே கணினியில் நேரடியாகப் போடுங்கள்.