யாருக்கு இந்தப் புத்தகம்? மதிப்புரையிலும் பரிந்துரையிலும் நேரும் தவறுகள்

எங்கள் தெருவில் ஓர் அத்தை இருக்கிறார். எனக்கு உறவில்லை, தெருவுக்கே அத்தை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுவாரம் என்னைக் கூப்பிட்டு, "இனி நேரத்துக்குக் குறைவில்லை. நல்ல நாவலாக ஒன்று கொடு" என்றார். நான் அப்போது எண்ணூறு பக்க நாவல் ஒன்றில் மூழ்கிக் கிடந்தேன். காலம் முன்னும் பின்னும் தாவும். பத்துப் பக்கத்துக்கு ஒருமுறை தத்துவ விவாதம் வரும். அதையே கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தது. அறுபத்திரண்டாம் பக்கத்தில் அடையாளத்துக்கு வைத்த பஸ் டிக்கெட் அப்படியே இருந்தது. "நல்ல புத்தகம்தான் போலிருக்கிறது. எனக்குத்தான் மூளை போதவில்லை" என்றார்.

புத்தகத்தைப் பரிந்துரைப்பவன் சம்பாதிக்கக்கூடிய மிக மோசமான பதில் அதுதான். "குப்பை" என்று அவர் திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். நாவலிலும் குறையில்லை, அத்தையிடமும் குறையில்லை. இடையில் நின்ற நான் செய்ய வேண்டிய ஒரே வேலையைச் செய்யவில்லை.

அந்த வேலை என்னவென்று பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டிலேயே சொல்லி வைத்திருக்கிறார். ஒரு நூலை அறிமுகப்படுத்தும் சிறப்புப் பாயிரம் எட்டுச் செய்திகளைத் தர வேண்டும் என்கிறது அவருடைய இலக்கண நூலான நன்னூல்: ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். இன்றைய மதிப்புரைகளில் ஆக்கியோன் பெயரும் நூற்பெயரும் பொருளும் தவறாமல் வந்துவிடும். பயனைப் பற்றித் தேவைக்கு மேலேயே இருக்கும். கேட்போர், அதாவது நூல் யாருக்கு என்பது, மட்டும் காணாமல் போய்விடும். நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை அந்த ஒரு விடுபடலில் இருந்துதான் கிளைக்கின்றன.

ஒரே தராசில் எல்லாவற்றையும் நிறுப்பது

துப்பறியும் நாவலைப் பற்றி "பாத்திரங்களில் ஆழமில்லை" என்று எழுதுவது மதிப்புரையாளர்களுக்குப் பிடித்தமான குறை. இருக்கலாம். ஆனால் அந்த நாவல் வாசகருக்குக் கொடுத்த வாக்கு அதுவல்ல. தடயங்களை என் கண்முன் வைத்தாயா, வைத்துவிட்டு என்னை ஏமாற்றினாயா என்பதுதான் அங்கே முதல் கேள்வி. ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார் 1929இல் துப்பறியும் கதைகளுக்குப் பத்து விதிகள் வகுத்தார். துப்பறிபவர் கண்டெடுத்த தடயத்தை வாசகரிடமிருந்து மறைக்கக் கூடாது என்பது அவற்றுள் ஒன்று. ஒரு கதைக்கு ஒரு ரகசியப் பாதைக்கு மேல் கூடாது என்பது இன்னொன்று. பாதி விளையாட்டாகச் சொன்னவைதான் என்றாலும், இந்த வகையை எதைக் கொண்டு அளக்க வேண்டும் என்பதை அவை காட்டிவிடுகின்றன.

கொலையாளி யார் என்று எழுதக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். "கடைசி அத்தியாயத்தில் யாருமே எதிர்பார்க்காத ஒரு திருப்பம்" என்று எழுதுவதும் ஏறக்குறைய அதே குற்றம்தான் என்பது பலருக்குத் தெரிவதில்லை. அதைப் படித்தவர் முதல் பக்கத்திலிருந்தே நல்லவர்களையெல்லாம் சந்தேகப்படத் தொடங்கிவிடுவார். பிறகு ஆசிரியர் பாடுபட்டு அமைத்த வலையில் விழுவதற்கு ஆளே இருக்காது.

இதையே எல்லா வகைக்கும் சட்டமாக்கிவிடவும் கூடாது. சிலப்பதிகாரத்தின் முன்னுரையான பதிகம் கோவலன் கொலையுண்டதையும் கண்ணகி மதுரையை எரித்ததையும் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் நம்மை உள்ளே விடுகிறது. தெரிந்த முடிவை நோக்கி நடப்பதில்தான் காப்பியத்தின் கனம் இருக்கிறது. கதையை எவ்வளவு சொல்லலாம் என்பதையும் அந்தந்த வகையிடமே கேட்க வேண்டும்.

வரலாற்று நாவலில் தவறு இரண்டு பக்கமிருந்தும் நேர்கிறது. 'பொன்னியின் செல்வன்' படித்துவிட்டு "சோழர் வரலாற்றை அறிய இதைப் படியுங்கள்" என்று பரிந்துரைப்பவர்கள் ஒரு பக்கம். காட்டுமன்னார்கோவில் அருகே உடையார்குடிக் கோயிலில் உள்ள கல்வெட்டு, சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலையில் தொடர்புடையவர்களின் நிலங்கள் பறிக்கப்பட்டதைச் சொல்கிறது. ரவிதாசன் பெயர் அதில் இருக்கிறது. நந்தினி பெயர் இல்லை, ஏனென்றால் நந்தினி கல்கியின் கற்பனை. இது தெரியாமல் நந்தினியை வரலாற்று மனுஷியாக நம்பிப் பட்டிமன்றம் நடத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன். மறுபக்கம், கல்வெட்டுத் தொகுதியைக் கையில் வைத்துக்கொண்டு வரிக்கு வரி சான்று கேட்பவர்கள். கல்வெட்டு மௌனமாக இருக்கும் இடத்தில் நாவலாசிரியர் பேசலாம். அது பேசும் இடத்தில் குறுக்கே பேசினாரா என்று பார்ப்பதுதான் மதிப்புரையாளரின் வேலை. எது ஆவணம், எது கற்பனை என்று இரண்டு வரியில் குறிப்பிட்டுவிட்டால் வாசகருக்கும் நல்லது, வரலாற்றுக்கும் நல்லது.

அதே நாவல் 1950 முதல் 1954 வரை வார இதழில் தொடராக வந்தது. ஒவ்வோர் அத்தியாயமும் ஒரு கொக்கியோடு முடிவதும், முன்பு சொன்னது மீண்டும் நினைவூட்டப்படுவதும் அதனால்தான். ஒரு வாரம் காத்திருந்து படித்தவருக்கு வரம் அது. மூன்று நாளில் ஐந்து பாகத்தையும் முடிப்பவருக்குக் கூறியது கூறல். தொடரையும் நூலையும் பிரித்தறியாமல் "இழுவை" என்று எழுதுவது ரயில் வண்டியை ஏன் இத்தனை ஊரில் நிற்கிறாய் என்று கேட்பதற்குச் சமம். உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' திடீரென்று அறுந்துபோகிறது என்று குறைப்பட்டுக்கொண்ட ஒரு குறிப்பைப் படித்து ஒருமுறை திகைத்துப்போனேன். ஆனந்த விகடனில் தொடராக வந்துகொண்டிருந்த அந்த நூல், 1942இல் அவர் மறைந்ததால் நின்றுபோனது. அறுந்ததற்கு ஆசிரியர் என்ன செய்வார்?

வட்டார வழக்கில் எழுதிய நாவலை "பிழை மலிந்த தமிழ்" என்று ஒதுக்குவது முன்பு நிறைய நடந்தது, இப்போது குறைந்திருக்கிறது. கி.ராஜநாராயணன் கரிசல் காட்டுச் சொற்களைத் தொகுத்து ஓர் அகராதியே செய்தார். அப்படியும் சென்னையில் வளர்ந்த பெண்ணிடம் கரிசல் கதைகளைக் கொடுக்கும்போது, "முதல் முப்பது பக்கம் சொற்கள் தடுக்கும், பிறகு காது பழகிவிடும்" என்று சொல்லிக் கொடுங்கள். எச்சரிக்கை இல்லாமல் கொடுத்தால் பழி எழுத்தாளர் மேல் விழும்.

மொழிபெயர்ப்பாளர் எங்கே?

மொழிபெயர்ப்பு நூல்களுக்கு எழுதப்படும் மதிப்புரைகளில் எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் இடம் ஒன்று உண்டு. "தஸ்தயேவ்ஸ்கியின் நடை நெஞ்சை உருக்குகிறது" என்று எழுதியிருப்பார்கள். ஐயா, நீங்கள் படித்த ஒவ்வொரு சொல்லும் இன்னொருவர் தேர்ந்தெடுத்த தமிழ்ச் சொல். அந்த ரஷ்ய எழுத்தாளரின் 'வெண்ணிற இரவுகள்' படித்து உருகிய தமிழ் வாசகர்களில் பெரும்பகுதியினரை உருக வைத்தது ரா.கிருஷ்ணையாவின் தமிழ். மாஸ்கோவிலிருந்து முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகா பதிப்பகமும் வெளியிட்ட அந்தக் கெட்டி அட்டைப் புத்தகங்கள் பல வீடுகளில் இன்னும் இருக்கின்றன. அவற்றின் உள்பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் பெயர் இருக்கும். திருப்பிப் பார்ப்பவர்கள் குறைவு.

நன்னூல் சொன்ன எட்டில் 'வழி' என்பது இங்கேதான் உதவுகிறது. நூல் எந்த வழியில் வந்தது? தொல்காப்பியம், முன்னொரு நூலைப் பின்பற்றி வரும் வழிநூலை நான்கு வகையாகப் பிரித்து, மொழிபெயர்ப்பை அவற்றில் ஒன்றாக வைக்கிறது. ஆகவே மதிப்புரையில் மூன்று செய்திகள் கட்டாயம் வர வேண்டும்: மூல மொழி எது, நேரடியாக அதிலிருந்து வந்ததா அல்லது ஆங்கிலம் வழியாகவா, மொழிபெயர்த்தவர் யார். ஒரே நாவலுக்கு இரண்டு மூன்று மொழிபெயர்ப்புகள் கிடைக்கும்போது எதைச் சொல்கிறீர்கள் என்று குறிப்பிடாத பரிந்துரை முகவரி இல்லாத கடிதம்தான். சுருக்கப் பதிப்பை முழு நூல் என்று நம்பி வாங்கியவர்கள் நம்மில் பலர் இருப்போம்.

கவிதைத் தொகுப்பைப் பற்றி ஒன்றே ஒன்று. மேற்கோள் காட்டும்போது வரிகளை இழுத்து உரைநடையாக ஓட்டிவிடாதீர்கள். வரி எங்கே உடைகிறதோ அங்கேதான் கவிஞர் மூச்சு விட்டிருக்கிறார்.

சிறுவர் நூல்களைப் பெரியவர்கள் நீதியைத் தேடிக்கொண்டு படிக்கிறார்கள். "நல்ல கருத்து" என்று முடிகிற மதிப்புரையை வைத்துக்கொண்டு எந்தப் பெற்றோரும் எதையும் முடிவு செய்ய முடியாது. ஒரு குழந்தைக்கு அதை வாசித்துக் காட்டினீர்களா, எந்தப் பக்கத்தில் குழந்தை எழுந்து ஓடியது, எந்தப் படத்தை மறுபடியும் பார்க்கக் கேட்டது, எழுத்து போதுமான அளவு பெரிதாக இருக்கிறதா என்பவைதான் தேவை. வருமான வரி, பங்குச் சந்தை, மருத்துவம் பற்றிய நூல்களுக்கோ பதிப்பு ஆண்டுதான் உயிர். பத்து ஆண்டுக்கு முந்தைய வரி விதிகளை அழகான தமிழில் விளக்கும் நூலைப் பாராட்டிப் பரிந்துரைத்தால், அபராதத்தை நீங்களா கட்டுவீர்கள்?

மதிப்புரையாளரின் குற்றங்கள்

நூலுக்கு வரக்கூடிய பத்துக் குற்றங்களையும் நன்னூல் அடுக்குகிறது. அவற்றை மதிப்புரைக்கும் பொருத்திப் பார்த்தால் சங்கடமாக இருக்கிறது. மிகைபடக் கூறல்: "உலகத் தரம்", "ஒரே மூச்சில் படித்தேன்", "தமிழில் இதுவரை வராத முயற்சி". கடைசி வாக்கியத்தை எழுதுபவர் தமிழில் இதுவரை வந்ததையெல்லாம் படித்திருக்க வேண்டும். அவர் முகத்தைப் பார்க்க ஆசையாக இருக்கிறது. மற்றொன்று விரித்தல்: முதல் ஐந்து பத்தி தன் பள்ளிக்கூட நினைவு, ஆறாவதில் புத்தகத்தின் பெயர். (நான் அத்தையைக் கொண்டு தொடங்கியதை நீங்கள் கவனித்திருப்பீர்கள்.) நின்று பயன் இன்மை: நான்கு பக்கம் கதைச் சுருக்கம், இறுதியில் "அனைவரும் படிக்க வேண்டிய நூல்". அனைவரும் படிக்க வேண்டிய நூல் என்று ஒன்று கிடையாது. அப்படி எழுதுபவர் யாருக்கு என்று யோசிக்கச் சோம்பல்பட்டிருக்கிறார்.

நண்பரின் நூலுக்கு எழுதுவது தவறா? தவறில்லை. பாயிரம் எழுதத் தகுதியுள்ளவர்களாக நன்னூல் சொல்வதே ஆசிரியனின் ஆசிரியன், உடன் கற்றவன், மாணாக்கன், உரைகாரன் என்ற நால்வரைத்தான். எல்லோரும் தெரிந்தவர்கள். ஆனால் பாயிரம் படிப்பவருக்கு இன்னார் இன்னாருக்குச் சொன்னது என்று தெரிந்திருக்கும். அணிந்துரையைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்ள நாமும் பழகியிருக்கிறோம். அணிந்துரையை மதிப்புரை என்ற பெயரில் எழுதும்போதுதான் சிக்கல். "ஆசிரியர் என் நண்பர்", "பதிப்பகம் அனுப்பிய பிரதி" என்ற ஒரு வரி போதும். மீதியை வாசகர் கழித்துக்கொள்வார்.

பாதியில் விட்ட நூலுக்கு மதிப்புரை எழுதலாமா என்று கேட்பார்கள். எங்கே விட்டீர்கள், ஏன் விட்டீர்கள் என்று சொல்லிவிட்டு எழுதலாம். முழுக்கப் படித்ததாக நடிப்பதைவிட அது ஆயிரம் மடங்கு பயனுள்ளது.

பரிந்துரைக்கும் முன் வாயை மூடிக் கேட்க வேண்டியவை

நல்ல மதிப்புரை எழுதத் தெரிந்தவர்கள்கூடப் பரிந்துரையில் வழுக்கி விழுவார்கள். மதிப்புரையில் நம் ரசனை தெரியலாம். பரிந்துரையில் எதிரே இருப்பவரின் ரசனைதான் பேச வேண்டும். "உங்களுக்கு என்ன பிடிக்கும்?" என்ற கேள்வியால் பயனில்லை. எல்லோரும் கொஞ்சம் கௌரவமான பதிலையே சொல்வார்கள். கடைசியாக முழுக்கப் படித்து முடித்தது எது, பாதியில் விட்டது எது, எப்போது படிப்பீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். இரவு தூக்கத்துக்கு முன் இருபது நிமிடம் படிப்பவருக்குச் சிறுகதை வேண்டும். தினமும் இரண்டு மணி நேரம் ரயிலில் போய்வருபவருக்கு நாவல் வேண்டும். அதுவும் ஒரு கையில் பிடிக்கக்கூடிய கனத்தில்.

பட்டியல்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. க.நா.சுப்ரமண்யம் பட்டியல் போடும் விமர்சகர் என்று ஏச்சு வாங்கினார். ஆனால் அந்தப் பெயர்களுக்குப் பின்னால் வாழ்நாள் வாசிப்பு இருந்தது, 'படித்திருக்கிறீர்களா?' என்ற நூலில் ஒவ்வொரு புத்தகமாக எடுத்து ஏன் என்றும் பேசினார். இப்போது சுற்றும் 'சாகும் முன் படிக்க வேண்டிய நூறு' வகைப் பட்டியல்களில் 'ஏன்' என்பதே இருப்பதில்லை. சென்னைப் புத்தகக் காட்சிக்கு அத்தகைய பட்டியலோடு வந்து, பத்து சதவீதக் கழிவில் பை நிறைய வாங்கிப்போய், அடுத்த ஜனவரி வரை ஒன்றையும் பிரிக்காதவர்களை எனக்குத் தெரியும். கண்ணாடியிலும் ஒருவரைத் தெரியும்.

அச்சில் இல்லாத நூலை ஆசை காட்டிப் பரிந்துரைப்பது ஒருவகைக் கொடுமை. கிடைக்கிறதா, எந்தப் பதிப்பகம், நூலகத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்லலாம். அதைவிட முக்கியமானது, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்வது. வீட்டில் சாவு நடந்து மூன்று மாதம் ஆகாதவரிடம், தற்கொலையில் முடியும் நாவலை "அற்புதமாக இருக்கும்" என்று மட்டும் சொல்லிக் கொடுக்கக் கூடாது. கொடுத்த பிறகு வாரம் ஒருமுறை "முடித்தாயிற்றா?" என்று கேட்கவும் கூடாது. கடன்காரனைப் பார்த்த மாதிரி ஒளிந்துகொள்வார்கள்.

அத்தையிடம் நான் எதையும் கேட்கவில்லை. ஓராண்டு கழித்து ஒரு மழைக்காலத்தில், பரண் ஒழுகுகிறது என்று உதவிக்குக் கூப்பிட்டார். ஏறிப் பார்த்தால், இரண்டு தகரப் பெட்டி நிறைய வார இதழ்களிலிருந்து கிழித்து பைண்டு செய்த தொடர்கதைகள், முப்பது ஆண்டுச் சேகரிப்பு. புதிதாகப் படிக்க வருபவர் என்று நான் நினைத்திருந்தவர் என்னைவிட அதிகம் படித்தவர். ஒன்றை உருவித் தூசி தட்டி என்னிடம் நீட்டினார்.

"உனக்குப் பேய்க்கதை பிடிக்குமே, இதைக் கொண்டுபோ. முதல் நான்கு வாரம் கொஞ்சம் இழுக்கும், பொறுத்துக்கொள். நடுவில் ஓர் இதழ் எனக்குக் கிடைக்கவில்லை, அந்த இடத்தில் கதை விட்டுப்போயிருக்கும். முடிவு சுமார்தான். ஆனால் அந்தக் கிணற்றடிக் காட்சியை மட்டும் பகலில் படி."