‘கும்பகோணம்’ தேடலில் சிக்காத கதை

டெல்டாவில் நெல் வியாபாரிகள் பயன்படுத்தும் ஒரு பில்லிங் மென்பொருளைப் பராமரிக்கிறேன். குறுவை அறுவடை நேரத்தில் ஒரு புகார்: கும்பகோணம் விவசாயிகள் சிலர் பட்டியலில் இருக்கிறார்கள், ஆனால் ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடினால் ‘பதிவு இல்லை’ என்று வருகிறது. மன்னார்குடிக்கு இந்தத் தொல்லையே இல்லை.

பல பேர் கை மாறி வளர்ந்த கோடு (மென்பொருளின் நிரல்) அது. பொதுவான சொல்லைப் போட்டுத் தேடினால் பக்கம் பக்கமாகக் கொட்டும். அதனால் திரையில் வந்த ‘பதிவு இல்லை’ என்ற வாசகத்தையே கிட் கிரெப்பில் கொடுத்தேன்; கிட் என்பது கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி, கிரெப் அதில் சொல் தேடும் கட்டளை. சிக்கிய கோப்பிலிருந்து, அந்த வாசகத்தைக் காட்டும் ஃபங்ஷனை (கோடின் ஒரு சிறு பகுதி) எது அழைக்கிறது என்று பின்னோக்கிப் போனால் பெயர்களை ஒப்பிடும் வரி வந்துவிட்டது.

அப்புறம் பெயர்கள் கணினியில் எப்படிச் சேமிக்கப்பட்டிருக்கின்றன என்று பைட் பைட்டாகப் பார்த்தேன். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யுனிகோடில் ‘கோ’வின் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். அந்த எண்களைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8ல் முதலாவது 3 பைட், இரண்டாவது 6. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு இல்லை. மன்னார்குடியில் ஓகாரமே கிடையாதே!

முன்பு ஒழுங்காக ஓடியது எப்படி? ‘நார்மலைஸ்’ (ஒரே வடிவமாக்கு) என்ற சொல்லை கிட் லாக் -எஸ் (பெரிய எழுத்து S) கட்டளையில் கொடுத்தேன், அது ஒரு சொல் கோடில் சேர்ந்த, நீங்கிய கமிட்களை, அதாவது கிட்டில் பதிந்த மாற்றங்களை, மட்டும் காட்டும். இரண்டு விதமாக எழுதியதையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் என்எஃப்சி வரியை நீக்கிய கமிட் அங்கே இருந்தது. சேமிக்கும்போதும் தேடும்போதும் அதைத் திரும்பச் சேர்த்து, பழைய பதிவுகளையும் மாற்றினேன்.

தேட ஒரு சொல்லும் கிடைக்காதபோது கிட் பைசெக்ட் போடுங்கள்; பிழை எந்த கமிட்டில் நுழைந்தது என்று பாதி பாதியாகக் குறைத்துத் தேடும் கட்டளை அது. 1000 கமிட் இருந்தாலும் சுமார் 10 சோதனைதான்.