ஊரடங்கில் வீட்டு வேலை நின்றுவிட்டதா? பிளான் அப்ரூவல் காலத்தை நீட்டிக்கும் வழி

2020 மார்ச் 25 அன்று நாடு முழுக்க ஊரடங்கு வந்தபோது, லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேலே போடும் கான்கிரீட் பட்டை) மட்டத்தோடு நின்றுபோன வீடுகள் ஏராளம். மேஸ்திரி வர முடியாது, ஜல்லி வண்டி வராது. ஆனால் பிளான் அப்ரூவல், அதாவது கட்டட அனுமதிக் கடிதத்தில், அனுமதி காலாவதியாவதாக இருந்த கடைசித் தேதி மட்டும் நெருங்கிக்கொண்டே இருந்தது. "அரசாங்கமே வேலையை நிறுத்தச் சொன்னது, அந்த மாதங்களைக் கழித்துக்கொள்வார்கள்" என்று நினைக்கத் தோன்றும். அதை நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள். இப்படி ஒரு காலம் மறுபடி வந்தால், முதல்முறை வீடு கட்டுபவர் செய்ய வேண்டியது இதுதான்.

படி 1: மனை யாருடைய எல்லையில் இருக்கிறது?

கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் வழியில் முள்ளோடையைத் தாண்டினால் சட்டமே வேறு. இந்தப் பக்கம் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971. அந்தப் பக்கம் புதுச்சேரியின் 1969ஆம் ஆண்டுச் சட்டமும் புதுச்சேரி நகர அமைப்புக் குழுமமும். சென்னையில் போட்ட அரசாணை புதுச்சேரியின் பாகூரில் செல்லாது. அனுமதிக் கடிதத்தின் தலைப்பில் எந்த அலுவலகத்தின் பெயர் இருக்கிறதோ, அங்கேதான் நீட்டிப்பும் கேட்க வேண்டும்.

படி 2: வந்த உத்தரவு உங்களுக்கானதா?

நிறைய பேர் குழம்புவது இங்கேதான். செய்தியில் "கட்டுமானத்துக்கு ஆறு மாத அவகாசம்" என்று வந்ததும் நிம்மதியாகிவிடுகிறார்கள். 2020 மே 13 அன்று மத்திய அரசு சொன்ன அந்த ஆறு மாதம், ரெராவில் (வீட்டு மனை, அடுக்குமாடி விற்கும் நிறுவனங்களுக்கான ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவான திட்டங்களுக்கு மட்டும். அதிலும் மார்ச் 25 அன்றோ அதற்குப் பிறகோ காலம் முடிபவற்றுக்கு. சொந்த மனையில் தனக்கென்று ஒரு வீடு கட்டுபவர் அதற்குள் வரவே மாட்டார். 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையான நாட்களைக் கணக்கிலிருந்து விலக்கிய உச்ச நீதிமன்ற உத்தரவும் வழக்கு, மேல்முறையீடு போன்றவற்றின் கெடுவுக்கானது. சுற்றுச்சூழல் அனுமதிக்கு 2020 ஏப்ரல் முதல் 2021 மார்ச் வரையான ஓராண்டைக் கழித்தார்கள். 20,000 சதுர மீட்டருக்குக் குறைந்த கட்டடத்துக்கு அந்த அனுமதியே தேவையில்லை.

ஆகவே உத்தரவின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று விஷயம் பாருங்கள்: எந்த அனுமதிக்கு, எந்தத் தேதிக்குள் முடிபவற்றுக்கு, தானாக நீளுமா அல்லது விண்ணப்பிக்க வேண்டுமா. மூன்றாவதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இங்கிலாந்தில் 2020இல் வந்த ஒரு சட்டம், வேலை தொடங்காத அனுமதிகளில் ஆகஸ்ட் 19 முதல் டிசம்பர் 31 வரை முடியவிருந்தவற்றைத் தானாகவே 2021 மே 1 வரை நீட்டித்தது. அதே சட்டத்தில், மார்ச் 23க்குப் பிறகு, ஆகஸ்ட் 19க்குள் அனுமதி முடிந்துபோனவர்கள் தனியாக விண்ணப்பிக்க வேண்டியிருந்தது.

படி 3: காலம் முடிவதற்குள் எழுதிக் கொடுங்கள்

சந்தேகம் இருந்தாலும் விண்ணப்பித்துவிடுங்கள். கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. அனுமதி எண், தேதி, சர்வே எண் எழுதிவிட்டு:

"மேற்படி மனையில் தரைத்தள வேலை லிண்டல் மட்டம் வரை முடிந்துள்ளது. ஊரடங்கு உத்தரவால் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை வேலை நடைபெறவில்லை. அனுமதித்த வரைபடத்தில் மாற்றம் ஏதும் செய்யவில்லை. மீதி வேலையை முடிக்க அனுமதிக் காலத்தை நீட்டித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

மூன்றாவது வரி உண்மையாக இருக்க வேண்டும். பால்கனியை இரண்டடி இழுத்திருந்தால் முதலில் உங்கள் இன்ஜினியரிடம் பேசுங்கள். கடிதத்தோடு அனுமதி நகல், ஊரடங்கு உத்தரவின் நகல், தேதியோடு எடுத்த போட்டோக்கள், இன்ஜினியர் சான்று வையுங்கள். அலுவலகம் மூடியிருந்தால் ஆன்லைனிலோ பதிவுத் தபாலிலோ அனுப்பி, ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள்.

காலம் கடந்துவிட்டால் புதிதாக விண்ணப்பிக்க நேரிடும். அப்போது இன்றைய விதிப்படிதான் பார்ப்பார்கள். 2019இல் தமிழ்நாட்டில் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் வந்த மாதிரி நடுவில் விதி மாறியிருந்தால், பக்கவாட்டில் விட வேண்டிய இடமே மாறலாம். அஸ்திவாரம் போட்ட பிறகு சுவரை எங்கே நகர்த்துவது?

படி 4: மறுபடி தொடங்கும் முன்

நீட்டிப்பு ஆணை கைக்கு வரும்வரை, காலம் முடிந்த அனுமதியை வைத்துக் கான்கிரீட் போடாதீர்கள். கடலூர் முதுநகர், தேவனாம்பட்டினம் பக்கம் உப்புக் காற்று. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தூண் கம்பிகள் சில மாதங்களிலேயே துருப்பிடித்துச் செதில் செதிலாக உரியும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, எவ்வளவு தடிமன் மிச்சம் என்று இன்ஜினியரைப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் சரி என்ற பிறகுதான் சென்ட்ரிங் அடிக்க வேண்டும். வீட்டுக் கடன் வாங்கியிருந்தால், அடுத்த தவணை கேட்கும்போது நீட்டிப்பு ஆணையின் நகலையும் வங்கியில் கொடுத்துவிடுங்கள்.