அமெரிக்க ராணுவ லாரி ஓட்டுநர் வணிக உரிமம் பெறும் வழி

அமெரிக்க ராணுவத்தில் கனரக வாகனம் ஓட்டியவர், பணியிலிருந்து விலகிய ஓராண்டுக்குள் விண்ணப்பித்து, விலகுவதற்கு முந்தைய 2 ஆண்டுகள் அத்தகைய வாகனத்தைப் பாதுகாப்பாக ஓட்டியதை நிரூபித்தால், வணிக வாகன ஓட்டுநர் உரிமத்துக்கான சாலை ஓட்டத் தேர்விலிருந்து அவருக்கு விலக்கு அளிக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு. இந்தக் கெடுவைத் தவறவிடாதீர்கள். விடைபெறும் பரபரப்பில் பலரும் மறப்பது இதைத்தான்.

மேலதிகாரியின் கையொப்பத்துடன் கூடிய அனுபவச் சான்றை முகாமை விட்டுக் கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள், ஏனெனில் பிறகு அவரைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. சான்றில் எந்த வாகனம் என்பதும் தெளிவாக இருக்க வேண்டும்: இழுவை லாரியுடன் டிரெய்லரை இணைத்து ஓட்டியவருக்கே, அத்தகைய இணைப்பு வாகனங்களுக்கான ‘ஏ’ வகுப்பு உரிமத்தின் விலக்கு பொருந்தும்.

அபாயகரமான சரக்கு ஏற்றுவதற்கான கூடுதல் ஒப்புதலுக்குப் பின்னணிச் சரிபார்ப்பு தனியே உண்டு. அதற்குச் சில வாரங்களை ஒதுக்கிவைப்பது நல்லது.