டாப் கட்டளையின் எண்ணைத் தப்பாகப் படிக்காதீர்கள்

கன்டெய்னர்களை (செயலிகள் தனித்தனியே ஓடும் பெட்டிகள்) பல கணினிகளில் இயக்கி நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸ் கிளஸ்டரில் ஒரு பாட் (ஒன்றாக ஓடும் கன்டெய்னர்களின் தொகுப்பு) திணறினால், அதன் சிபியூ, மெமரி பயன்பாட்டைப் பார்க்க எல்லோரும் முதலில் அடிப்பது 'கியூப்சிடிஎல் டாப் பாட்'. அது தரும் எண் பொய்யல்ல. எதை அளந்த எண் என்று தெரியாமல் படிப்பதில்தான் சிக்கல்.

அதை நேரலையாக நினைப்பது பெரிய தவறு. டாப்புக்கு எண் தரும் மெட்ரிக்ஸ் சர்வர், ஒவ்வொரு நோடிலும் (கிளஸ்டரில் உள்ள கணினி) ஓடும் கியூப்லெட் என்ற நிரலிடம் இயல்பாக 15 நொடிக்கு ஒருமுறைதான் கணக்கு கேட்கிறது. பழைய கணக்கைச் சேமித்தும் வைப்பதில்லை. 2 நொடியில் மெமரி எகிறி கன்டெய்னர் கொல்லப்பட்டால், நீங்கள் பார்ப்பது மறுபடி எழுந்த கன்டெய்னரின் அமைதியான எண்ணை. 'டிஸ்கிரைப் பாட்' போட்டு 'லாஸ்ட் ஸ்டேட்' பகுதியைப் பாருங்கள். 'ஓஓஎம்கில்டு', வெளியேறும் குறியீடு 137 என்றிருந்தால் காரணம் பெரும்பாலும் மெமரி வரம்புதான்.

சிபியூவில் ஏமாறுவது இன்னும் எளிது. லிமிட் (பயன்பாட்டின் உச்சவரம்பு) 500எம், அதாவது ஒரு கோரின் ஆயிரத்தில் 500 பங்கு, என்றால் அரை கோர் எப்போதும் கையில் இருக்கும் என்று பொருளல்ல. ஒவ்வொரு 100 மில்லிநொடியிலும் 50 மில்லிநொடி ஒதுக்கீடு. நான்கு த்ரெட்கள் (செயலிக்குள் இணையாக ஓடும் இழைகள்) ஒரே நேரத்தில் ஓடினால் 12.5 மில்லிநொடியில் அது தீர்ந்துவிடும், மீதி 87.5 மில்லிநொடியும் காத்திருப்புதான். டாப் சராசரியைக் காட்டுவதால் 200எம் என்று சாதுவாக நிற்கும், பயனரோ தாமதத்தில் தவிப்பார். சிகுரூப் 2 (வளப் பயன்பாட்டுக்கு வரம்பு போடும் லினக்ஸ் வசதி) உள்ள நோடில், கன்டெய்னருக்குள் '/சிஸ்/எஃப்எஸ்/சிகுரூப்/சிபியூ.ஸ்டாட்' கோப்பைத் திறந்து 'என்ஆர்_த்ராட்டில்டு' (ஒதுக்கீடு தீர்ந்து நிறுத்தப்பட்ட தடவைகள்) ஏறிக்கொண்டே போகிறதா என்று பாருங்கள். லிமிட்டை மாற்றும் முன் இதைப் பார்க்காமல் விடாதீர்கள்.

'டாப் நோட்' 30 சதவீதம் காட்டுகிறது, ஆனாலும் புதிய பாட் நோட் கிடைக்காமல் 'பெண்டிங்'கில் கிடக்கிறதா? பாட்டுக்கு நோட் ஒதுக்கும் ஷெட்யூலர் பயன்பாட்டைப் பார்ப்பதில்லை, ரிக்வெஸ்ட்டைத்தான் (பாட் தனக்கு வேண்டுமென்று கேட்ட அளவு) கூட்டுகிறது. ஒதுக்கத்தக்கது 3900எம் உள்ள நோடில் தலா 1200எம் கேட்கும் மூன்று பாட்கள் சும்மா இருந்தாலும் 3600எம் போய்விட்டது; 500எம் கேட்கும் நான்காவதற்கு இடமில்லை. 'டிஸ்கிரைப் நோட்' வெளியீட்டின் இறுதிக்கு அருகே வரும் 'அலொகேட்டட் ரிசோர்சஸ்' பகுதியில் இந்தக் கணக்கு இருக்கும்.

கன்டெய்னருக்குள் 'ஃப்ரீ' கட்டளை போடுவதும் வீண். அது காட்டுவது நோட் முழுவதன் மெமரியை. உங்கள் வரம்பு அதே சிகுரூப் அடைவின் 'மெமரி.மேக்ஸ்' கோப்பில் உள்ளது. பாட்டில் சைட்கார் (முதன்மைச் செயலிக்குத் துணையாக ஓடும் கன்டெய்னர்) இருந்தால் டாப்புடன் '--கன்டெய்னர்ஸ்' சேருங்கள். இல்லாவிட்டால் எல்லாம் ஒரே கூட்டுத்தொகையாக வரும், மெமரியைத் தின்பது உங்கள் செயலியா லாக் சேகரிப்பானா என்று தெரியாது.