கிராபிக்ஸ் கார்டு காட்டவில்லை என்று விண்டோஸை அழிக்காதீர்கள்

‘கிராபிக்ஸ் கார்டு டிடெக்ட் ஆகலை’, அதாவது திரைக்குப் படம் தரும் கார்டைக் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவில்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது இதுதான்: திரையில் இப்போது என்ன தெரிகிறது? இந்த ஒரு புகாருக்குள் மூன்று கோளாறுகள் இருக்கின்றன. கம்ப்யூட்டர் ஓடுகிறது, திரை மட்டும் கறுப்பு என்பது ஒன்று. படம் வருகிறது, விண்டோஸில் எல்லா பாகங்களையும் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் கார்டின் பெயரே இல்லை என்பது இன்னொன்று. பெயர் இருக்கிறது, பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் என்பது மூன்றாவது. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. அதைப் பிரித்துப் பார்க்காமல், எடுத்த எடுப்பில் விண்டோஸைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

அண்ணன் மகன் ஒருநாள் இரவு பத்து மணிக்குப் போன் செய்தான். “சித்தப்பா, புதுக் கார்டு மாட்டிட்டேன். கேம் செட்டிங்ஸ்ல இன்னும் இன்டெல் பேர்தான் வருது. விண்டோஸைக்கூட ரெண்டு தடவை போட்டுட்டேன்.” மானிட்டர் ஒயரை எங்கே செருகியிருக்கிறாய் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், “பழைய இடத்துலயேதான்” என்றான். அதாவது மதர்போர்டின் எச்டிஎம்ஐயில். கேபினெட்டின் பின்பக்கம் யுஎஸ்பி துளைகளுக்கு நடுவே இருப்பது மதர்போர்டினுடையது; அதற்குக் கீழே படுக்கைவாட்டில் இருப்பவைதான் கார்டினுடையவை. ஒயரை அங்கே மாற்றியதும் வேலை முடிந்தது.

இதற்கு நேர்மாறான குழப்பமும் உண்டு. ஐ5 12400எஃப் போல, பெயரின் முடிவில் எஃப் இருக்கும் இன்டெல் பிராசசர்களில் உள்ளிருந்தே படம் தரும் வசதி கிடையாது. ரைசன் 5 5600எக்ஸும் அப்படித்தான். ‘கார்டைக் கழற்றிவிட்டு மதர்போர்டில் செருகினாலும் படம் வரலை, போர்டே போச்சு’ என்று பயந்துபோய் அழைப்பவர்கள் உண்டு. போர்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அதிலிருந்து படம் வர வழியே இல்லை, அவ்வளவுதான்.

சரி, ஒயர் சரியான இடத்தில் இருக்கிறது, இன்னும் வரவில்லை. கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸின் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்துவிட்டுக் கார்டைக் கழற்றி மறுபடி மாட்டுங்கள். பிராசசருக்குப் பக்கத்தில் இருக்கும் முதல் நீள ஸ்லாட்டில்தான் மாட்ட வேண்டும். கீழே உள்ள நீள ஸ்லாட் பார்வைக்கு அதேபோல இருந்தாலும், பல போர்டுகளில் பாதிக்கும் குறைவான வேகத்தில்தான் ஓடும், போர்டிலேயே நேராகச் செருகும் எம்.2 எஸ்எஸ்டி போட்டால் அணைந்தே போகும் ஸ்லாட்டுகளும் உண்டு. ஸ்லாட்டின் ஓரத்துக் கொக்கி ‘டக்’கென்று விழுந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். விலை குறைந்த கேபினெட்டுகளில் தகடு கொஞ்சம் விலகியிருக்கும். ஸ்குரூவை முறுக்க முறுக்க, கார்டின் மறுமுனை மெல்ல மேலே எழும்பும். முறுக்கி முடித்த பிறகு, தங்கநிற விளிம்பு முழு நீளத்துக்கும் உள்ளே இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

அடுத்தது மின்சாரம். இதில்தான் பணம் எரிகிறது. ஸ்லாட் தருவது அதிகபட்சம் 75 வாட். ஆர்டிஎக்ஸ் 3060 போன்ற கார்டுக்கு 170 வாட் வேண்டும். மீதி எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் தனி ஒயர் வழியாகத்தான். 6 பின் என்றால் 75 வாட், 8 பின் என்றால் 150 வாட். அந்த ஒயரை மாட்ட மறந்தால் சில கார்டுகள் திரையிலேயே சொல்லிவிடும், சில வாயே திறக்காது. பிராசசருக்குப் போகும் 8 பின் ஒயரும் பார்க்க இதேபோலத்தான் இருக்கும். ஆனால் அதில் 12 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறியிருக்கும். கார்டு ஒயர் 6, 2 என்று பிரியும். பிராசசர் ஒயர் பெரும்பாலும் 4, 4 என்று பிரியும். தலையில் எழுதியிருப்பதைப் படியுங்கள். உள்ளே போக மறுத்தால் அமுக்காதீர்கள்.

கழற்றி மாட்டும் ஒயர்களோடு வரும் எஸ்எம்பிஎஸ் என்றால் இன்னொரு ஆபத்து. பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் ஒயரைப் புதியதில் செருகக் கூடாது. கார்டுப் பக்க முனை எல்லோருக்கும் பொது. எஸ்எம்பிஎஸ் பக்க முனையை ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு அமைக்கிறது. நான் ஒருமுறை சோம்பேறித்தனமாக இதைச் செய்து ஒரு ஹார்டு டிஸ்கைப் பறிகொடுத்திருக்கிறேன்.

ஃபேன் சுற்றவில்லை என்பதை வைத்துக் கார்டு செத்துவிட்டது என்று முடிவு கட்டவேண்டாம். சூடு ஏறும்வரை ஃபேனை நிறுத்தி வைக்கும் கார்டுகள் இப்போது ஏராளம்.

விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே ஓடும் மதர்போர்டின் செட்டிங்ஸான பயாஸில் பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். முதல் டிஸ்ப்ளே எது என்ற இடத்தில் உள்கிராபிக்ஸ் தேர்வாகியிருந்தால் பிசிஐ எக்ஸ்பிரஸ், அதாவது கார்டு மாட்டும் ஸ்லாட், என்று மாற்றுங்கள். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய கார்டு என்றால், பழைய பாகங்களுக்கு ஒத்துழைக்கும் சிஎஸ்எம் என்ற வசதி அணைந்திருக்கும் போர்டில் படம் காட்டாமல் போகலாம். ஸ்லாட்டையும் கார்டையும் இணைக்கும் ரைசர் ஒயர் வைத்துக் கார்டை நிமிர்த்தி மாட்டியவர்கள், ஒயர் ஜென் 3, கார்டு அதைவிட வேகமான அடுத்த தலைமுறை ஜென் 4 என்றால் ஸ்லாட் வேகத்தை ஜென் 3 என்று கையால் குறைத்துப் பாருங்கள். எதுவும் புரியவில்லையென்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, போர்டில் காசு போல இருக்கும் சிஆர்2032 பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி வைத்தால் பெரும்பாலான போர்டுகளில் பயாஸ் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

இதையெல்லாம் தாண்டிய பிறகுதான் டிரைவர், அதாவது கார்டை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள். மானிட்டர் ஒயர் கார்டில் இருந்து, டிவைஸ் மேனேஜரில் ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்’ என்று வந்தால் கார்டு கிடைத்துவிட்டது, டிரைவர்தான் இல்லை என்று அர்த்தம். அதன் பிராபர்ட்டீஸில் ஹார்டுவேர் ஐடியைப் பாருங்கள்: 10டிஈ என்றால் என்விடியா, 1002 என்றால் ஏஎம்டி, 8086 என்றால் இன்டெல். கம்பெனி மாறிக் கார்டு வாங்கியவர்கள் பழைய டிரைவரை, விண்டோஸின் சேஃப் மோடில் டிடியு என்ற டிரைவர் நீக்கும் மென்பொருள் கொண்டு நீக்கிவிட்டுப் புதியதைப் போடுவது நல்லது. டிவைஸ் மேனேஜரில் கோட் 43 என்ற பிழை வந்து, புது டிரைவர் போட்டும் போகவில்லையென்றால், கார்டையே சந்தேகப்பட வேண்டிய நேரம். அதை நண்பர் ஒருவரின் கம்ப்யூட்டரில் மாட்டிப் பாருங்கள். அங்கேயும் அதே கோட் வந்தால் வாரண்டிக்கு அனுப்புங்கள். ஓவனில் வைத்துச் சூடாக்கினால் உயிர் வரும் என்று சொல்லும் வீடியோக்களை நம்பி, சமைக்கிற அடுப்பில் கார்டின் புகையை ஏற்றாதீர்கள்.

செகண்ட் ஹேண்ட் கார்டு என்றால், உள்ளே இருக்கும் சிப் எது என்று காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். பழைய ஜிடிஎஸ் 450 சிப்பில் கார்டின் பயாஸை மாற்றி, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று விற்கப்பட்டவை நிறைய. பெயருக்கு முன்னால் ‘ஃபேக்’ (போலி) என்று ஜிபியு-இசட் காட்டினால் டிரைவரைத் தேடி அலையவேண்டாம், விற்றவரைத் தேடுங்கள்.