லொறி வெளிக்கிட்டுதா? ஸ்டோர் மென்பொருளையும் போக்குவரத்து மென்பொருளையும் இணைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வவுனியாவில் ஒரு விநியோக ஸ்டோரின் வாசலில் விடியப்புறம் நின்றுகொண்டு "கிளிநொச்சி லொறி வெளிக்கிட்டுதா?" என்று கேட்டுப் பாருங்கள். ஆளுக்கு ஒரு பதில் வரும். சாமானை ஏற்றிச் சிட்டையில் கையெழுத்து வாங்கியதுமே ஸ்டோர்க்காரருக்கு அது வெளிக்கிட்ட லொறி. காவலாளிக்குக் கேற்றைத் தாண்ட வேண்டும். சாரதி தேத்தண்ணி குடித்து, டீசல் அடித்து, ஏ9 வீதியில் ஏறிய பிறகுதான் "வெளிக்கிட்டாச்சு" என்பார். மனிதர்களுக்குள் இதில் சிக்கல் இல்லை, ஒரு கோல் எடுத்தால் விளங்கிவிடும். இரண்டு மென்பொருள்கள் அப்படிக் கோல் எடுத்துக் கேட்டுக்கொள்வதில்லை.

ஸ்டோர் மென்பொருள், அதாவது களஞ்சிய முகாமைத்துவ மென்பொருள், எந்தச் சாமான் எந்தத் தட்டில் எத்தனை இருக்கிறது என்று பார்க்கிறது. எந்த லொறி, எந்தச் சாரதி, எந்தக் கடைக்கு முதலில் என்பது போக்குவரத்து மென்பொருளின் வேலை. இரண்டையும் இணைக்கச் சொன்னதும் ஐ.ரி. ஆட்கள் ஏபிஐ (ஒரு மென்பொருள் மற்றதோடு தகவல் பரிமாறும் வழி) பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்கள். நானும் அப்படித் தொடங்கியவன்தான். எந்தச் சொல்லுக்கு என்ன பொருள், எந்தத் தகவலுக்கு யார் சொந்தக்காரர் என்று முடிவெடுக்காமல் தொடுப்புக் கொடுப்பதுதான் எல்லாத் தவறுகளுக்கும் தாய்.

முன்பு வேலை செய்த இடத்தில் நடந்தது இது. மாமூடை ஏற்றிய லொறி ஒன்று முற்றத்திலேயே பழுதாகிவிட்டது. சாமானை வேறு லொறிக்கு மாற்றினோம். போக்குவரத்து மென்பொருள் பழைய பயணத்தை ரத்துச் செய்து புதிய பயணம் ஒன்றை உண்டாக்கியது. ஸ்டோர் மென்பொருளோ "ஏற்றியாச்சு" என்ற செய்தி வரும்போதெல்லாம் இருப்பைக் கழிக்கிற மாதிரி எழுதப்பட்டிருந்தது. ரத்துச் செய்தியைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. ஒரே சாமான் இரண்டு தரம் கழிந்தது. ஸ்டோரில் மூடைகள் அடுக்கியபடி கிடக்க, கடைகளுக்கு இரண்டு நாளாக "மா முடிஞ்சுது" என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

இருப்பை ஸ்டோர் மென்பொருள் மட்டுமே மாற்றலாம், வாகனத்தையும் வழியையும் போக்குவரத்து மென்பொருள் மட்டுமே மாற்றலாம் என்று முதலிலேயே எழுதி வைக்க வேண்டும். ஒரு தகவலை ஒருவர்தான் எழுதலாம், மற்றவர் வாசிக்கலாம். "வெளிக்கிட்டது" என்றால் கேற்றைத் தாண்டிய நேரம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டு, ரத்து, லொறி மாற்றம், பாதி ஏற்றியது ஆகியவற்றுக்கும் தனித்தனிச் செய்தி வைத்திருந்தால் அந்தக் கேவலம் நடந்திராது.

அடுத்தது அளவு. மூடை என்பது அலகே இல்லை. சீமெந்து மூடை 50 கிலோ. அரிசிப் பை 5, 10, 25 கிலோ என்று பல விதமாக வரும். நெல்லில் ஆளுக்கு ஆள் வேறுபடும், வயதானவர்கள் இன்னும் புசல் என்ற பழைய கொள்ளளவுக் கணக்கில் பேசுவார்கள். அந்தர் என்றால் 112 இறாத்தல், அதாவது 50.8 கிலோ. அதை 50 என்று போட்டுப் பழகியவர்களும் இருக்கிறார்கள். ஸ்டோர் மென்பொருளில் எண்ணிக்கை இருந்தால் போதும் என்று விட்டுவிடுவோம். லொறிக்கு எடையும் வேண்டும், இடமும் வேண்டும். பிஸ்கட் பெட்டி ஏற்றும் லொறி எடை வரம்பின் பாதியைத் தொடும் முன்பே நிரம்பிவிடும். சீமெந்து ஏற்றினால் பெட்டி அரைவாசி காலியாக இருக்கும்போதே எடை வரம்பு வந்துவிடும். ஒவ்வொரு பொருளுக்கும் பொதியோடு சேர்ந்த எடை, நீளம், அகலம், உயரம் நான்கையும் ஒரு தரமாவது அளந்து பதிய வேண்டும். அலுப்பான வேலைதான், மூடை தூக்கும் நாட்டாமைமாரைக் கூப்பிட்டுத் தராசில் வைத்துத்தான் செய்யவேண்டும். உற்பத்தியாளர் தந்த தாளை நம்பி நாங்கள் பட்டது போதும்.

ஊர்ப் பெயரிலும் இதே வில்லங்கம். கல்மடு கிளிநொச்சியிலும் உண்டு, வவுனியாவிலும் உண்டு. முள்ளியவளையும் முள்ளிவாய்க்காலும் ஆங்கிலத்தில் சுருக்கி எழுதும்போது ஒன்றாகிவிடும். புதுக்குடியிருப்பை ஒரு மென்பொருளில் ஒரு 'கே' போட்டும் மற்றதில் இரண்டு 'கே' போட்டும் எழுதியிருப்பார்கள், கணினிக்கு அவை இரண்டு ஊர்கள். பெயரை வைத்துப் பொருத்தாதீர்கள். கடைக்கு ஒரு குறியீட்டு எண், அதோடு ஜிபிஎஸ் புள்ளி. "அம்மன் கோயிலுக்கு முன்னால்" என்ற விலாசம் சாரதிக்குப் போதும், மென்பொருளுக்குப் போதாது.

எங்கள் பக்கத்தில் அதிகம் அடிபடுவது ஏற்றும் வரிசையில்தான். கடைசியாக இறக்கும் சாமானை முதலில் ஏற்ற வேண்டும், இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் இறக்கும் வரிசையை வைத்திருப்பது போக்குவரத்து மென்பொருள், எடுத்து அடுக்குவது ஸ்டோர் மென்பொருள். கடைப் பட்டியல் மட்டும் போய் வரிசை எண் போகாவிட்டால் முதலில் இறக்க வேண்டிய மாங்குளத்துச் சாமான் லொறியின் அடியில் கிடக்கும்.

வரிசை போனாலும் வழி மாறினால் என்ன செய்வது? வவுனியாவிலிருந்து முல்லைத்தீவுக்கு மாங்குளம், ஒட்டுசுட்டான் ஊடாகப் போகலாம், புளியங்குளத்தில் திரும்பி நெடுங்கேணியாலும் போகலாம், கிளிநொச்சியில் இறக்கிவிட்டுப் பரந்தனால் புதுக்குடியிருப்புப் பக்கம் சுற்றியும் போகலாம். மாரியில் வட்டுவாகல் பாலத்துக்கு மேலால் வெள்ளம் பாய்ந்தால் அந்தக் கடைசி வழி இல்லை. இரவு ஏற்றியாயிற்று, விடிய நாலு மணிக்குப் பாதை மூடிவிட்டது என்று தகவல் வருகிறது. போக்குவரத்து மென்பொருள் ஒரு நொடியில் புது வரிசை போட்டுவிடும். அதற்கு லொறிக்குள் எது அடியில் கிடக்கிறது என்று தெரியாது. ஆகவே ஏற்றத் தொடங்கிய பிறகு வரிசை தானாக மாறக்கூடாது. மாற்றம் வந்தால் ஸ்டோர் பொறுப்பாளர் பார்த்து, இறக்கி ஏற்றுவதா இல்லையா என்று சொன்ன பிறகே அது நடைமுறைக்கு வரவேண்டும். இதை மட்டும் இயந்திரத்திடம் விடாதீர்கள்.

நேரத்தில் ஒரு கண்ணுக்குத் தெரியாத பள்ளம் இருக்கிறது. பல சேவையகங்கள் உலகப் பொது நேரத்தில் ஓடுகின்றன, நாங்கள் அதற்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னே. காலை 4 மணிக்கு வெளிக்கிட்ட லொறி அங்கே முதல் நாள் இரவு 10.30. அதாவது விடிய 5.30க்கு முன் கேற்றைத் தாண்டும் லொறியெல்லாம் நேற்றைய கணக்கில் விழும். எங்கள் லொறிகளில் பாதி அந்த நேரத்தில்தானே போகிறது! சேமிப்பது பொது நேரமாக இருக்கட்டும், நாள் பிரிப்பது இலங்கை நேரத்தில் நடக்கட்டும்.

சிக்னல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. காட்டுப் பாதையில் சாரதி "இறக்கியாச்சு" என்று அமத்துவார், போன் சுற்றிக்கொண்டே நிற்கும், திரும்பவும் அமத்துவார். முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கும் நேரத்தில் சிக்னல் வந்து இரண்டு செய்தியும் ஒன்றாகப் பாயும். ஒவ்வொரு நிகழ்வுக்கும் போனிலேயே ஒரு தனி எண் உண்டாக்கி, அதே எண் மறுபடி வந்தால் தள்ளிவிடுவதுதான் வழி. நிகழ்ந்த நேரம் வேறு, செய்தி வந்து சேர்ந்த நேரம் வேறு. இரண்டையும் தனித்தனியாகப் பதியுங்கள், இல்லாவிட்டால் கடைக்காரரோடு சண்டை வரும்போது சாரதிதான் மாட்டுவார்.

திரும்பி வரும் சாமானையும் சொல்ல வேண்டும். வெற்று 12.5 கிலோ சிலிண்டர், சோடாப் பெட்டி, உடைந்த போத்தல், கடைக்காரர் வேண்டாம் என்ற பெட்டி. போகும் பாதைக்கு மட்டும் இணைப்பு எழுதிவிட்டு வரும் பாதையைக் கொப்பியில் விட்டுவிடுகிறார்கள். மாத முடிவில் கணக்குப் பார்க்கிறவர் தலையில் கை வைப்பார்.

பிழைச் செய்திகளை ஒரு ஆங்கில மின்னஞ்சலாகக் கொழும்பில் இருக்கும் யாருக்கோ அனுப்பினால், விடிய நாலு மணிக்கு அதை யார் பார்ப்பது? ஸ்டோரில் நிற்பவரின் திரையில், தமிழில், "இந்தச் சிட்டை போகவில்லை, காரணம் இது" என்று வரவேண்டும். இணைப்பே விழுந்தால் கையால் சிட்டை எழுதி லொறியை அனுப்பிவிட்டுப் பிறகு பதியும் முறையும் பழகியிருக்க வேண்டும்.

அப்புறம், தொடங்கும் காலம். பொங்கலுக்கு முந்திய கிழமையிலோ, பெரும்போக அறுவடை நடக்கும் தை, மாசியிலோ, சித்திரைப் புத்தாண்டு நெருங்கும்போதோ புது இணைப்பைத் திறக்காதீர்கள். கார்த்திகை, மார்கழி மழையும் வேண்டாம். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல் முடிந்து, ஆடியில் மடுத் திருவிழா வருவதற்கு இடையில் ஒரு ஓய்வு கிடைக்கும். அதில் ஒரே ஒரு பாதையை, கிளிநொச்சி லொறியை மட்டும், இரண்டு கிழமை பழைய சிட்டையோடு சேர்த்து ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு பின்னேரமும் இரண்டு மென்பொருளின் எண்ணிக்கையையும் தட்டில் இருப்பதையும் ஒருவர் எண்ணி ஒப்பிட வேண்டும், அதுவும் மென்பொருளை எழுதியவர் இல்லாமல் வேறொருவர்.